பெரியப்பாவுக்குச் சொல்லும் விலை

பித்தளைத் தாம்பாளத்துக்குள் என் இரண்டு கால்களும் இருந்தன. ஹனூரில் பெரியப்பா வீட்டு வாசல். தை மாதத்துக் காலை வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பெரியப்பா குத்தவைத்து உட்கார்ந்து, சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றி, விரல் இடுக்கிலிருந்து குதிகால் வரைக்கும் தேய்த்துக் கழுவினார். என் அப்பாவுக்கு மூத்தவர் அவர். எழுபதைத் தாண்டியவர். கணுக்காலைச் சுற்றி எனக்கு ஒரு சிவந்த தடிப்பு இருந்தது, தோல் உரிந்து, காய்ந்தும் காயாமலும். அதில் அவர் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். “பாவம், எத்தன தூரம் நடந்துச்சோ இந்தக் காலு” என்றார். சுற்றி நின்றிருந்த சனம் மொத்தமும் உச்சுக் கொட்டியது. அது நடந்து வந்த புண் அல்ல. பனியில் சறுக்கி விளையாடுவதற்காக நாள் வாடகைக்கு எடுத்து மாட்டிய பூட்ஸ் கடித்த புண். அந்த வாடகை எவ்வளவு என்று தெரிந்தால் இவர் சொம்பைக் கீழே போட்டுவிடுவார் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது.

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் வரப்போகும் குளிர்காலத்துப் பனிச்சறுக்குப் பயணத்தின் கட்டணத்தைப் போட்டிருந்தார்கள். விமானம் தனி. பூட்ஸும் சறுக்குப் பலகையும் தனி. சொல்லித் தருகிறவருக்குத் தனி. கையுறைக்கும்கூட தனி. நாங்கள் மூன்று பேர் போய்வந்தபோது ஆன மொத்தச் செலவு இப்போது இரண்டு பேருக்கே காணாது. “இந்த ரேட்டுக்கு வெளிநாடே போயிடலாம் போலிருக்கே” என்று ஒருவர் எழுத, நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேராவது நிச்சயம் போவார்கள், எனக்குத் தெரியும். என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டு, “போலாமாப்பா?” என்றாள். பார்க்கலாம் என்றேன். ஆனால் அந்தத் தொகையைப் படித்த மறுகணமே என் மனம் அதைப் பாதியாக வகுத்துவிட்டது. பழக்கதோஷம். பெரியப்பாவிடம் சொல்வதற்கான விலை அது. பெரியப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் என் மூளை அவருக்காக வகுத்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கடையில் கொடுத்தது. இன்னொன்று ஹனூரில் சொல்வது. இரண்டாவது எப்போதும் முதலாவதில் சரிபாதி. என் அப்பா ஊரைவிட்டு மைசூருக்கு வந்து குமாஸ்தா வேலையில் சேர்ந்த காலத்திலேயே இந்த ஏற்பாடு தொடங்கிவிட்டதாம். அம்மா அதைச் சட்டமாக்கினாள். புதுச் சட்டையோடு பஸ் ஏறும்போதே எனக்குப் பாடம் நடக்கும்: “பெரியப்பா கேப்பாங்க. என்ன சொல்லுவே?” நான் பாதி சொல்ல வேண்டும். தவறிப்போய் முழு விலையைச் சொன்னால் திரும்பி வரும்போது தொடையில் கிள்ளு விழும். “முழுசாச் சொன்னா ஒண்ணு கண்ணு படும், இல்லீனா கடன் கேப்பாங்க” என்பது அம்மாவின் வாதம். அப்பாவுக்கு வேறு நியாயம் இருந்தது. வெயிலில் மஞ்சள் காட்டில் நிற்கிற அண்ணனிடம் போய் ஒரு செருப்புக்கு இவ்வளவு கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது என்பார். இரண்டு நியாயமும் ஒரே பொய்யில் போய் முடிந்ததால் வீட்டில் சண்டை வரவில்லை.

பெரியப்பாவோ விலை கேட்காமல் இருக்க முடியாத மனிதர். வாசலில் கால் வைத்ததும் “வா சாமி, சாப்புட்டியா” என்பார், அடுத்த மூச்சில் “இந்தப் பை எத்தனைக்கு வாங்குனே?” பொறாமையில் கேட்பதல்ல அது. உலகத்தில் எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு ருசி. கொள்ளேகால் சந்தையில் தனக்குச் சம்பந்தமே இல்லாத மாட்டுக்கு அரைமணி நேரம் நின்று பேரம் பேசுவார்; விற்கிறவன் இறங்கி வந்ததும், “பரவால்ல, நல்ல மாடு, வெச்சுக்கோ” என்று தட்டிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு என்னை ஓரமாக இழுத்து, மண்டப வாடகை எவ்வளவு என்று கேட்டார். பாதி சொன்னேன். “அடேயப்பா” என்று வாயில் கை வைத்தார். பாதிக்கே இப்படி வாயைப் பிளக்கிறாரே, முழுசும் கேட்டால் மனிதர் உட்கார்ந்துவிடுவாரே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. என்னவோ அவருக்கு நல்லது செய்வதுபோல ஒரு நிம்மதிகூட இருந்தது.

பனிச்சறுக்கு ஆசை எங்கள் வீட்டுக்குள் வந்தது பக்கத்து ஃபிளாட் வழியாக. அவர்கள் குடும்பத்தோடு ஔலிக்குப் போய்வந்து படம் காட்டினார்கள். இமயமலை, வெள்ளை வெளேரென்ற சரிவு, காலில் நீளப் பலகை கட்டிய அவர்களுடைய பையன். என் மகள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வருஷம் விலை விசாரித்து, அம்மாடியோவ் என்று மூடி வைத்தோம். அடுத்த வருஷம் விசாரித்தபோது முந்தின வருஷத்து அம்மாடியோவே எவ்வளவோ தேவலை என்று ஆகியிருந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் மேலே. அப்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்கே உரிய ஒரு பைத்தியம் பிடித்தது: இப்போது போகாவிட்டால் இனி எப்போதுமே போக முடியாது. எங்களால் முடியாத விலை என்பதுதான் எங்களைத் துரத்தியது. நிஜமாகவே பணம் இருக்கிறவர்கள் அவசரப்படுவதில்லை. போனால் போகிறார்கள், இல்லாவிட்டால் இல்லை. ஏழைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவில் நிற்கிற நாங்கள்தான் கதவு மூடப்போகிறது என்று மூச்சு வாங்க ஓடினோம். புரட்டாசியில் முன்பணம் கட்டினால் கொஞ்சம் குறைவு என்றார்கள். சேமிப்பில் இருந்ததை எடுத்துக் கட்டினேன்.

கட்டிய வாரமே பெரியப்பா மைசூருக்கு வந்தார். சட்டைப் பையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு நோட்டீஸ். கொள்ளேகாலில் ஒருவர் வருஷா வருஷம் சித்திரையில் பத்ரிநாத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறார். ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. பெரியப்பாவும் பெரியம்மாவும் போக வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் மஞ்சளுக்கு விலை இல்லை, ஒரு வருஷம் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இந்த முறை கையில் கொஞ்சம் இருந்தது. “கொறையறத மட்டும் நீ போட்டுக் குடு தம்பி. மஞ்சள மண்டியில போட்டதும் குடுத்தர்றேன். காலு நல்லா இருக்கறப்பவே பாத்துப்போடலாம்னு உங்க பெரியம்மா சொல்றா” என்றார். அப்படி அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவி காபியை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் சொன்னேன்: “இப்ப கொஞ்சம் டைட்டா இருக்கு பெரியப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்.” சொல்லும்போது அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கில் பணம் இல்லைதானே. அவர் காபியைக் குடித்து முடித்து, நோட்டீஸைப் பழைய மடிப்பிலேயே மடித்து, “அதுக்கென்ன, சௌகரியப்பட்டப்போ பாத்துக்கலாம்” என்றார். போகும்போது டம்ளரைக் கையில் தூக்கிப் பார்த்து அதன் விலையைக் கேட்டார். நான் வழக்கம்போல் பாதி சொன்னேன்.

பயணம் பொங்கலோடு வந்து மோதியது. மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் ஹனூரில் இல்லாமல் இருந்ததே கிடையாது. அப்பா போன பிறகு எங்களோடு இருந்த அம்மாவை மட்டும் முன்கூட்டியே கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. நாங்கள் எங்கே போகிறோம் என்பதை அம்மா பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அந்தப் பக்குவம் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன்னால் கையில் பணமில்லை என்று சொன்ன பிள்ளை இப்போது பனியில் சறுக்கப் பிளேன் ஏறுகிறான் என்று அவள் எப்படிச் சொல்வாள்? அம்மா நன்றாக யோசித்து, யாராலும் குறை சொல்ல முடியாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். பேத்திக்குக் காய்ச்சல் கண்டபோது பத்ரிக்கு வேண்டிக்கொண்டதாம்; வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாதென்று கடனை உடனை வாங்கிக் கிளம்பிவிட்டார்களாம். ஊரில் அதைக் கேட்டு நாலைந்து வீட்டுக்காரர்கள் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து அம்மாவிடம் வேறு கொடுத்திருக்கிறார்கள், ‘தம்பிகிட்டச் சேத்தீருங்க’ என்று. அம்மா பொய் சொல்வாளே தவிர சாமி காசில் கைவைக்க மாட்டாள். பஸ் ஏறி மாதேஸ்வரன் மலைக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். மலையென்றால் மலைதானே என்பது அவள் கணக்கு.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் ஔலியில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் இது முழுதும் நடிப்பாகிவிடும்: அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். காலில் பலகையை மாட்டிக்கொண்டு நிற்கவே தெரியாமல் முதல் நாள் முழுக்க விழுந்தேன். விழுந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். மகள் இரண்டாம் நாளே விழாமல் இறங்கிவிட்டாள்; இறங்கி நின்று கையை உயர்த்தியவளின் முகம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. அதே இரண்டாம் நாளில்தான், நாங்கள் கட்டியதில் பயிற்சி ஒரு நாளுக்குத்தான் சேர்த்தி, மற்ற நாட்களுக்குத் தனி என்று தெரிந்தது. நானும் மனைவியும் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மகளுக்கு மட்டும் கட்டினோம். அதன் பிறகு இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விலையைக் கேட்டுவிட்டு ஒரு டீயை வாங்கிப் பங்கு போட்டுக் குடித்தோம். எங்களோடு ஒரே குழுவில் வந்த இன்னொரு குடும்பத்துக்காரர், “என்ன சார், அதுக்குள்ள டயர்ட் ஆயிட்டீங்களா?” என்றார். ஆமாம் என்று முழங்காலைத் தடவினேன். பார்க்கப்போனால் ஹனூரில் அம்மா சொன்ன அதே மாதிரிப் பொய்தான், திசை மட்டும் வேறு. ஊர்க்காரர்களிடம் எங்கள் செலவை மறைத்தோம், இவரிடம் எங்கள் இல்லாமையை மறைத்தோம்.

பத்ரிநாத் அங்கிருந்து அதிக தூரமில்லை என்று டிரைவர் சொன்னார். ஆனால் குளிர்காலத்தில் வழியெல்லாம் பனி மூடிவிடும், நடை சாத்தியிருக்கும், சித்திரை வைகாசியில்தான் திறப்பார்கள் என்றார். அதைக் கேட்டபோது பெரியப்பாவின் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. ஒரு வினாடிதான். அதற்குள் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

திரும்பி மைசூர் வந்து, அம்மாவை அழைத்துவரக் காரில் ஹனூர் போனோம். முந்தின நாள் போனில் அம்மா, “தலைக்குக் குளிச்சுட்டு வாங்க. நீ வேட்டி கட்டிட்டு வா” என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏதோ கோயிலுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டு முன்னால் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. இறங்கினால் பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வருகிறாள். எங்கள் ஊரில் காசி, பத்ரி என்று வடக்கே போய்வந்தவர்களை நேராக வீட்டுக்குள் விடுவதில்லை. வாசலில் நிறுத்திக் காலைக் கழுவி, கழுவிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். போக முடியாதவர்களுக்கு அதுதான் யாத்திரை. போய்வந்தவன் சின்னவனாக இருந்தாலும் பெரியவர்கள் குனிவார்கள், அதற்கு வயசு கிடையாது. தாம்பாளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மாவைப் பார்த்தேன். கும்பலுக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டை மட்டும் அசைத்தாள்: பேசாதே.

பெரியப்பா சொம்பை எடுத்துக்கொண்டு குனிந்தபோது “வேண்டாம் பெரியப்பா” என்று மட்டும் சொன்னேன். அதை அடக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஒரு பாட்டி, “பாத்தீங்களா, போயிட்டு வந்ததும் எத்தன பணிவு” என்றாள். எங்கள் முகமெல்லாம் பனி வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளையாக வட்டம் விழுந்திருந்தது. அதையும் யாரோ, மலைக்காற்று பட்டு முகத்துக்குத் தனிக் களை வந்திருக்கிறது என்றார்கள். அம்மா கொள்ளேகாலில் வாங்கிய கற்கண்டும் திராட்சையும் பிரசாதமாகக் கைமாறின. பெரியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதியை வாயில் போட்டாள், பாதியை முந்தானையில் முடிந்தாள். கூட்டத்தில் ஒருத்தி என் மகளிடம் குனிந்து, “சாமி எப்படி இருந்துச்சு அம்மிணி?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் கன்னடம்தான் மகளுக்கு ஓடிவரும். தமிழை யோசித்துத்தான் பேசுவாள். அவள் என்னைப் பார்த்தாள், தூணோரம் நின்ற என் அம்மாவைப் பார்த்தாள். “கூட்டம் தும்பா இருந்துச்சு” என்றாள், ‘ரொம்ப’வுக்குக் கன்னடத்தைப் போட்டு. எட்டு வயதுக் குழந்தை. யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் முகங்களைப் படித்துவிட்டு அவளாகவே அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்தாள். கால் கழுவியதைவிட அதுதான் என்னைக் கூசவைத்தது.

திரும்பும் வழியெல்லாம் அம்மாவோடு சண்டை போட்டேன். அவளும் விடவில்லை. “வேற என்னடா சொல்லச் சொல்றே? உங்க பெரியப்பா கேட்டப்போ இல்லேன்னுட்டு, என்ற மகன் ஐஸ்ல வழுக்கி விளையாட லச்சக்கணக்குல செலவு பண்றான்னு சொல்லட்டுமா? சொல்லு, இப்பவே வண்டியத் திருப்பு, போய்ச் சொல்லிப்போட்டு வர்றேன்!” நான் வண்டியைத் திருப்பவில்லை. அவளுக்கும் நான் திருப்பமாட்டேன் என்று தெரியும்.

அந்தச் சித்திரைக்கு முன்னால் நானே போன் செய்து, இரண்டு பேருக்கும் முழுப் பணமும் கட்டுகிறேன், கிளம்புங்கள் என்றேன். பெரியப்பா சிரித்தார். “அடுத்த வருசம் பாக்கலாம் சாமி” என்றார். என் சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாரா, இல்லை எல்லாரும் சொல்கிற வார்த்தைதானா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரியம்மாவைக் கேட்டேன். “நீதான் போயிட்டு வந்துட்டியே கண்ணு. நம்ம குடும்பத்துல ஒருத்தரு போனா எல்லாரும் போனாப்பலதான்” என்றாள். அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள், திருப்தியாகவும் இருந்தாள். நாங்கள் சொன்ன பொய் அவர்கள் வழியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறு வருஷம் பெரியப்பாவுக்கு முழங்கால் போயிற்று. மலை ஏறும் பேச்சு அதோடு நின்றது.

முழங்காலைக் காட்டுவதற்காக ஒரு தடவை மைசூருக்கு அழைத்து வந்திருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, ஊரில் கேட்ட ஏதோ மோட்டார் சாமான் வாங்க வேண்டுமென்று மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குள் வண்டியை விட்டேன். அந்தச் சந்துக்குள் கார் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் சுமை ஆட்டோ, பின்னால் ஸ்கூட்டர்கள், பக்கத்தில் மூட்டை இறக்குகிறவர்கள். அசையாமல் நின்றோம். பெரியப்பா ஜன்னலை இறக்கி, வெளியே தொங்கிய கயிற்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது என்னவோ ஆயிற்று. இனியும் தாங்காது என்று தோன்றியது. “பெரியப்பா, நாங்க அன்னிக்குக் கோயிலுக்குப் போகல” என்றேன்.

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“தையில அங்க நட சாத்திக் கெடக்கும். அந்த நோட்டீஸ எத்தன வருசமாப் படிக்கறேன் நானு? கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் ஒழுகுதும்பாளாக்கும் உங்கம்மா.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தெரிஞ்சுமா என் காலைக் கழுவுனீங்க?”

“பின்ன? ஊரே வந்து வாசல்ல நிக்குது. உங்கம்மா தூணப் புடிச்சுட்டு நின்னா, பாக்கவே பாவமா இருந்துச்சு. நான் சொம்பத் தூக்கலீன்னா எல்லாரும் ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. என்ற தம்பி பொண்டாட்டி நாலு பேருக்கு முன்னால தலகுனிஞ்சு நிக்கோணுமா? போகுது போ, தண்ணிதான.” ஜன்னலை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். “செரி, அங்க போயி என்னதான் பண்ணுனீங்க?”

சொன்னேன். பலகை, பூட்ஸ், சரிவு, விழுந்தது, மகள் கையை உயர்த்தியது. “ஆனைக்கே அடி சறுக்கும்பாங்க. நீங்க காசு குடுத்துச் சறுக்குனீங்களாக்கும்” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அம்மிணி உழுகாம எறங்குனாளா? கெட்டிக்காரி.” அப்புறம், எப்படியும் வந்தே தீரும் என்று நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. “எத்தன ஆச்சு?”

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் பேச்சை எடுத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “ஒண்ணரை லட்சம்” என்றது.

பெரியப்பாவின் உதடு லேசாக அசைந்தது. “அப்ப மூணு” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

“என்ன பெரியப்பா?”

“நீங்க சொல்றத ரெண்டாப் பெருக்கிக்கறது என்ற பழக்கம்” என்றார், வெகு சாதாரணமாக. “உங்கப்பன் சைக்கிள் வாங்கறப்ப ஆரம்பிச்சது. பாதி சொன்னான். நான் கொள்ளேகால்ல கடைக்கே போயிக் கேட்டுப்போட்டேன். அப்பறம் எதச் சொன்னாலும் பெருக்கிக்குவேன், செரியா வந்துரும். உங்க கல்யாண மண்டபத்துக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு, அத்தன இருக்குமான்னு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், இத்தனை வருஷ நாடகமும் ஒரே ஆளுக்கு முன்னால், அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே நடந்திருக்கிறதே என்று. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. ஃபிளாட் வாங்கியபோது நாங்கள் சொன்ன விலை, கார், ஃபிரிட்ஜ், மகளின் பள்ளிக்கூடக் கட்டணம், என் சம்பளம், எல்லாவற்றையும் அவர் பெருக்கி வைத்திருந்திருக்கிறார். என் வீட்டில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று என் மனைவியைவிடச் சரியாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புரட்டாசியில் நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு என் சோபாவில் உட்கார்ந்திருந்தபோதும் தெரிந்திருக்கிறது. கையில் பணம் இல்லை என்று நான் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு சொன்னபோது, என்னால் கொடுக்க முடியும் என்பதை ஒரு ரூபாய் பிசகாமல் தெரிந்துகொண்டுதான் அவர் அந்தக் காபியைக் குடித்திருக்கிறார். சௌகரியப்பட்டப்போ பாத்துக்கலாம் என்று எனக்கு அவர் சமாதானம் வேறு சொன்னார். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “பெரியப்பா, அன்னிக்கு நீங்க வந்து கேட்டப்போ...” என்று ஆரம்பித்தேன்.

“முன்னால ஆட்டோ நகந்துருச்சு பாரு” என்றார் பெரியப்பா. “எடு சாமி, பின்னால ஆரன் அடிக்கறாங்க.”